சாத்து வண்டி முதல் நூல் வண்டி வரை

(சங்கரன்கோவிலில் இலக்கிய வட்டக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



ஓடித் தேய்ந்த வண்டி ஒன்று ஊர்ப்புறத்தில் கேட்பாரற்று நிற்கும் காட்சி எவருக்கும் புதிதன்று. தொழுவத்தின் ஓரத்திலே சக்கரம் கழன்ற கூண்டு வண்டி சாய்ந்து கிடக்கும். பட்டறையின் பின்புறத்திலே எருக்கஞ்செடி சூழப் பழைய வேன் ஒன்று நிற்கும். பழைய இரும்புக் கடைக்காரர் அதனைப் பார்த்தால் எடை போட்டு விலை சொல்வார். கைத்தொழில் அறிந்தவரோ அதனை வேறு கண் கொண்டு நோக்குவார். அடிச்சட்டம் வளையாதிருக்கிறதா, அச்சு நேராக நிற்கிறதா, பலகையில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று தட்டியும் தடவியும் பார்ப்பார். முன்னவர் காண்பது அவ்வண்டியின் முடிவை. பின்னவர் காண்பது அதன் மறுபிறப்பை.

பழைய வண்டியைச் செப்பனிட்டு, உள்ளே வேண்டுவன அமைத்து, மீண்டும் வழியில் விடுவது பற்றி ஓர் இலக்கிய வட்டத்தில் பேசுவானேன் என்ற வினா எழலாம். தமிழிலக்கியத்திற்கும் வண்டிக்கும் உள்ள உறவு நெடியது. தமிழ்நாட்டில் நூலுக்கும் வண்டிக்கும் ஏற்பட்ட உறவு ஒன்று வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. அவ்விரண்டையும் ஒருங்கே எண்ணும்போது ஓர் உண்மை புலனாகும். வண்டியைப் புதுப்பித்தல் என்பது அதன் பழைய தோற்றத்தை மீட்பது மட்டுமன்று. அதற்குப் புதியதொரு பணியைக் கொடுப்பதாகும். பணி இன்னதென்று தெளிந்த பின்னரே உளி பலகையைத் தொட வேண்டும்.

சாத்தும் கேரவனும்

திரைப்படப் படப்பிடிப்புத் தளங்களின் வழியாகக் 'கேரவன்' என்ற சொல் இன்று தமிழ் மக்களின் காதுக்குப் பழகிவிட்டது. நடிகர் ஓய்வெடுக்கும் குளிரூட்டிய ஊர்தியைக் குறிக்கும் சொல்லாகவே அது வழங்குகிறது. ஆயின் அச்சொல் பாரசீக மொழியிலிருந்து புறப்பட்டது. பாலை வழியே ஒட்டகங்களோடு ஒருங்கு செல்லும் வணிகர் கூட்டத்தையே அது முதலில் குறித்தது. ஆங்கிலத்தில் புகுந்த பின்னர், கூட்டத்தைக் குறித்த சொல் நாளடைவில் ஒரு வண்டியைக் குறிக்கும் சொல்லாயிற்று.

ஆங்கிலேயர் இன்பச் செலவிற்கெனக் கேரவன் அமைத்த வரலாறு 1885ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்குகிறது. கடற்படை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், 'வாண்டரர்' என்னும் பெயரில் குதிரைகள் இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றைச் செய்வித்து, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை அதிலேயே வாழ்ந்து சென்றார். அதன் பின்னர் அவ்வழக்கம் பரவிற்று. 1907ஆம் ஆண்டில் கேரவன் பயணிகளுக்கெனச் சங்கமே தோன்றிற்று.

தமிழில் வணிகர் கூட்டத்திற்குச் 'சாத்து' என்பது பெயர். கூட்டமாகச் சென்ற அச்சாத்து வண்டிகளிலும் சென்றது, வண்டியிலேயே வாழ்ந்தது. ஆகவே வீட்டு வண்டி என்பது தமிழர்க்கு மேலைநாட்டார் கற்பித்த புதுமையன்று. கடற்கரையில் உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்ற உமணர், குடும்பத்தோடு வண்டியில் வாழ்ந்தவர் ஆவர்.

உமணர் வண்டியின் உள்ளமைப்பு

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினார். தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் அந்நூலில், வழியிடையே எதிர்ப்படும் உமணர் வண்டி ஒன்று நுணுக்கமாகக் காட்டப்படுகிறது. அதன் சக்கரம் முழவு போன்ற முழு மரத்தால் ஆனது. மேலே கூரை வேயப்பட்டுள்ளது. வாயிலின் மேல் கோழி தங்கும் கூடு உள்ளது. சிறிய உரல் ஒன்று தூக்கிக் கட்டப்பட்டுள்ளது. முகப்பிலே காடி வைத்த கலம் கயிற்றால் பிணிக்கப்பட்டுள்ளது. கைக்குழந்தையை உடைய பெண் எருதுகளை ஓட்டுகிறாள். வேப்பந்தழைக் கண்ணி சூடிய வலிய ஆடவர் வண்டி வரிசையின் பக்கத்தே காவலாக நடந்து வருகின்றனர்.

இப்பட்டியலை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். உரல், புளித்த காடி, கோழிக்கூடு, கூரை: இவையே அவ்வண்டியின் தட்டுமுட்டுப் பொருள்கள். உணவைச் சமைக்க உரல் உண்டு; கெடாமல் இருப்பதற்குப் புளித்த உணவு உண்டு; இறைச்சியும் முட்டையும் உயிரோடு உடன் வரக் கோழி உண்டு; மழைக்குக் கூரை உண்டு. மிகையான பொருள் ஒன்றும் இல்லை. பொருள்கள் வைக்கப்பட்டுள்ள இடமும் கருதத்தக்கது. உரல் தூக்கிக் கட்டப்பட்டது, உள்ளே மக்களும் உப்பும் இருக்க இடம் வேண்டும் என்பதற்காக. கலம் கயிற்றால் பிணிக்கப்பட்டது, மேடுபள்ளத்தில் உருண்டு உடையாதிருக்க வேண்டும் என்பதற்காக. பொருளின் இடத்தைப் பயணமே தீர்மானித்துள்ளது.

இனிப் புறநானூற்றில் ஔவையார், அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய இடத்தில் உமணர் வண்டியின் மற்றோர் உறுப்பு வெளிப்படுகிறது. வழியில் என்ன நேரும் என்பதை முன்னரே அறிய இயலாது என்பதால், உமணர் வண்டியின் கீழே மற்றோர் அச்சைக் கட்டிக்கொண்டு செல்வர். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். இடர் வந்துழி உதவும் மன்னனுக்கு அதனையே உவமையாக்கினார் ஔவையார். இன்றைய ஊர்தியில் உதவிச் சக்கரம் இருப்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உண்டு என்பதனை இப்பாடல் காட்டும்.

வண்டி அமைப்போர் கற்க வேண்டிய இரு பாடங்கள் இவ்விரு பாட்டிலும் உள்ளன. ஒன்று, இன்றியமையாதது மட்டுமே உள்ளே ஏற வேண்டும். மற்றொன்று, முறியக்கூடிய உறுப்பிற்கு மாற்று உடன் வர வேண்டும்.

தபசுக்கு வந்த வண்டிகள்

உமணரின் உப்பு வண்டி மறைந்த போதிலும், குடும்பத்தோடு வண்டியில் செல்லும் வழக்கம் அண்மைக்காலம் வரை சங்கரன்கோவில் வட்டாரத்தில் நிலைத்திருந்தது. சிவனும் திருமாலும் ஓருருவாய்க் காட்சி தர வேண்டுமெனக் கோமதியம்மை தவம் இருந்ததாகக் கூறும் ஆடித்தபசுத் திருவிழாவிற்குச் சுற்றுப்புறக் கரிசல் ஊர்களிலிருந்து மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தனர். பேருந்து ஊர்தோறும் வருவதற்கு முந்திய காலம் அது. வண்டிக்கடியில் வைக்கோலும், கூண்டிற்குள் பாயும், பின்புறத்தே புளியோதரைப் பாத்திரமும், முன்புறத்தே அரிக்கேன் விளக்குமாக வந்த அவ்வண்டி, மாட்டை அவிழ்த்துக் கட்டிய மறுகணமே வீடாகிவிடும். பகலில் அதன் நிழலில் முதியோர் படுத்திருப்பர். இரவில் அதனுள்ளே குழந்தைகள் உறங்குவர்.

அவ்வண்டிகளைத் திருவிழாவிற்கு முன்னர்ச் செப்பனிடுவது தச்சருக்கும் கொல்லருக்கும் உரிய பணியாக இருந்தது. கோடை வெயிலில் மரம் வற்றிச் சுருங்க, ஆரக்கால்கள் குடத்தில் ஆடத் தொடங்கும். தளர்ச்சி சிறிதாயின் சக்கரத்தைக் குளத்து நீரில் ஊறவிடுவர். மரம் ஊதி இறுகும். தளர்ச்சி மிகுதியாயின் இரும்புப் பட்டையைக் கழற்றி, சக்கரத்தின் சுற்றளவினும் சற்றே குறைவாக ஆக்கி, வறட்டி அடுக்கித் தீ மூட்டிப் பழுக்கக் காய்ச்சுவர். வெப்பத்தால் விரிந்த பட்டையைக் குறடுகளால் தூக்கிச் சக்கரத்தின் மேல் ஏற்றி, உடனே நீர் வார்ப்பர். குளிர்ந்து சுருங்கும் பட்டை, வட்டைகளையும் ஆரக்கால்களையும் குடத்தையும் ஒருசேர இறுக்கிவிடும். குடத்திற்குக் கருவேலம், சட்டத்திற்கு உறுதியான வேறு மரம், கூண்டிற்கு வளையும் மூங்கில் என ஒவ்வோர் உறுப்பிற்கும் தக்க மரம் தெரிந்திருந்தது.

இரப்பர்ச் சக்கரம் பூட்டிய டயர் வண்டி வந்த பின்னர் இக்கைத்திறனுக்கு வேலை குறைந்தது. சரக்கு வேனும் டிராக்டரும் வந்த பின்னர் வண்டியே குறைந்தது. வேலை இல்லாத வண்டி எவ்வளவு நன்கு செய்யப்பட்டதாயினும் விறகாகும் என்பது கண்கூடு. அதற்கு மாறாக, எளிய மாட்டு வண்டிக்கு யாரும் எண்ணாத வேலை ஒன்றைக் கொடுத்து, அதனை நாடறியச் செய்த நிகழ்ச்சி காவிரி வடிபகுதியில் நடந்தது.

மன்னார்குடியின் நூல் வண்டி

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நூலகம் என்பது நகரத்தின் கட்டடமாகவே இருந்தது. சிற்றூரில் வாழ்பவர் நூல் வேண்டின் நகரத்திற்கு வர வேண்டும். வயல் வேலையை விட்டு அவ்வாறு வருபவர் எத்தனை பேர்? சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய சீர்காழி இரா. அரங்கநாதன் இவ்வினாவை எழுப்பினார். 1928ஆம் ஆண்டில் சென்னை நூலகச் சங்கம் தோன்றியபோது அதன் செயலாளராக அமர்ந்தவர் அவரே. 1931ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் பற்றிய நூல், நூல் பயன்படுவதற்கே உரியது என்பதையும், படிப்பவர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிட்ட வேண்டும் என்பதையும் அடிப்படையாக நிறுவியது. படிப்பவர் நூலிடம் வர இயலாவிடில் நூல் படிப்பவரிடம் செல்ல வேண்டும் என்பது அவ்விதிகளின் இயல்பான முடிவாகும். நூல்களை ஏற்றிச் செல்லும் ஊர்திக்கு 'லிப்ராசின்' என்றொரு புதுச்சொல்லையும் அவர் ஆக்கினார்.

அதே 1931ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டு வண்டி நூலகம் ஒன்று தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. அதனை அமைத்தவர் பொறியாளர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை ஆவார். இந்தியாவின் நடமாடும் நூலக வரலாற்றில் அவ்வண்டி முதன்மையான இடம் பெற்றுள்ளது.

அவர் மாட்டு வண்டியைத் தேர்ந்தது பெரிதும் எண்ணத்தக்கது. மோட்டார் ஊர்திகள் அப்போது நாட்டில் இருந்தன. ஆயினும் மழைக்காலத்தில் சேறாகும் வண்டல் பாதையில், வாய்க்கால் கரையில், எது செல்லுமோ அதுவே ஏற்ற ஊர்தி. அது பழுதுபட்டால் அடுத்த ஊர்த் தச்சரே சரி செய்வார். அதற்கு வேண்டிய வைக்கோல் எல்லா ஊரிலும் கிடைக்கும். வண்டியைக் கண்டு எவரும் அஞ்சி ஒதுங்கமாட்டார். நெல்லும் வைக்கோலும் ஏற்றி வந்த வண்டிதானே நூலையும் ஏற்றி வந்தது! ஊரார்க்குப் பழகிய உருவத்தில் புதிய பொருள் வந்தது. பொறியாளர் ஒருவரின் அறிவு இங்கே பெரிய பாலத்திலோ அணையிலோ அன்றி, எளிய வண்டி ஒன்றில் வெளிப்பட்டது.

பின்னர் 1948ஆம் ஆண்டில் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகத்திற்கென இயற்றப்பட்ட முதற்சட்டம் அதுவே. சட்டத்திற்கும் பதினேழு ஆண்டுகள் முன்னதாக வண்டி ஊருக்குள் சென்றுவிட்டது என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

சிவப்புச் சக்கரம் கூறும் செய்தி

இதனையொத்த முயற்சி பிற நாடுகளிலும் நிகழ்ந்துள்ளது. இங்கிலாந்தின் வாரிங்டன் நகரில் 1858ஆம் ஆண்டிலேயே குதிரை இழுத்த நூல் வண்டி தெருக்களில் உலவியது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், ஹேகர்ஸ்டவுன் நகர நூலகர் மேரி டிட்கம் அம்மையார் 1905ஆம் ஆண்டில் நூல் வண்டி ஒன்றை அனுப்பினார். முன்னர்க் கடைகளிலும் அஞ்சல் நிலையங்களிலும் நூற்பெட்டிகளை வைத்துப் பார்த்த அவர், அவற்றாலும் எட்டாத பண்ணை வீடுகள் உள்ளன என்பதை உணர்ந்து வண்டியை நாடினார்.

அவ்வண்டியின் இருபுறமும் வெளிப்பக்கத்தில் தட்டுகள். நடுவில் நூற்பெட்டிகளுக்கு இடம். ஆடம்பரம் வேண்டாவென்று கருதிக் கருமையான வண்ணம் பூசினர். பண்ணை வீட்டார் சிலர் அதனைப் பிணவண்டி என்று எண்ணி, தம் வீட்டு வாயிலில் நிற்க வேண்டா என்று விரட்டினர். அதன் பின்னர்ச் சக்கரங்களுக்கும் கதவுப் பலகைக்கும் சிவப்பு வண்ணம் தீட்டப்பட்டது. மக்களின் ஐயம் நீங்கிற்று. வண்டி அமைப்பில் வண்ணம் ஓர் அழகு மட்டுமன்று, அதுவும் ஒரு மொழியே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை.

1910ஆம் ஆண்டில் சரக்குத் தொடர்வண்டி மோதி அந்நூல் வண்டி சிதைந்தது. 1912ஆம் ஆண்டில் மோட்டார் ஊர்தி அதன் இடத்தைப் பெற்றது. இடையில் வண்டியில்லாத காலத்தை நோக்குங்கால், ஔவையார் கண்ட சேம அச்சின் அருமை புலப்படும். ஒரே வண்டியை நம்பிய பணி அவ்வண்டியோடு நின்றுவிடும்.

பழைய வேனைச் செப்பனிடும் முறை

இன்று ஒருவர் பழைய வேன் ஒன்றை விலைக்கு வாங்கி வீட்டு வண்டியாகவோ நூல் வண்டியாகவோ அமைக்க விரும்பினால், அவர் பின்பற்ற வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. பலர் முதலில் திரைச்சீலையின் நிறத்தைத் தேர்வர். இறுதியில் தரை உளுத்திருப்பதைக் காண்பர். வரிசை மாறியதால் வந்த கேடு அது.

முதலாவது, நீர். பழைய ஊர்தியின் முதற்பகை நீரே. கூரையின் இணைப்புகளிலும் சன்னல் ஓரங்களிலும் கசியும் மழைநீர், உட்பலகையின் பின்னே மறைந்து மரச்சட்டத்தை உளுக்கச் செய்யும், இரும்பைத் துருவாக்கும். மழை நாளில் வண்டியைப் பார்ப்பது நன்று. வெயில் நாளாயின் கூரையின் மேல் நீர் ஊற்றி உள்ளே இருந்து நோக்க வேண்டும். பலகையை விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்குமாயின் உள்ளே அழுகல் உண்டு. அவ்விடத்தின் மேல் வண்ணம் பூசுவது புண்ணின் மேல் பட்டாடை போர்த்துவது போன்றது. அழுகியதை முழுவதும் வெட்டி நீக்கிப் புதுமரம் இணைத்த பின்னரே அடுத்த பணி.

இரண்டாவது, கீழ்ப்பகுதி. அடிச்சட்டம், வில்தகடுகள், சக்கரத் தாங்கிகள், தடை ஆகியன ஆராயப்பட வேண்டும். நெடுங்காலம் ஓடாது நின்ற வண்டியின் டயர், கோடு தேயாமல் புதியது போலத் தோன்றினும், வெயிலால் வெடித்திருக்கும். அதனை நம்பி நெடுஞ்சாலையில் செல்லலாகாது. பழைய மின்கம்பிகளின் உறை உதிர்ந்திருக்கும், எலி கடித்திருக்கும். பழைய கம்பியோடு புதிய விளக்கை இணைத்தால் தீப்பற்ற இடமுண்டு.

மூன்றாவது, எடை. வீட்டில் பொருளின் எடையை எவரும் எண்ணுவதில்லை. வண்டியில் அதுவே தலைமையான கணக்கு. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. நூறு லிட்டர்த் தொட்டி வைத்தால் இரு மனிதரைக் கூடுதலாக ஏற்றியது போன்றதாகும். நூல்களோ நீரினும் வஞ்சகமானவை. கையில் இலேசாகத் தோன்றித் தட்டில் கனப்பவை. ஒரு நூல் கால் கிலோ என்று கொண்டாலும் ஆயிரம் நூல் 250 கிலோ ஆகும். தட்டுகளின் எடை வேறு. ஆகவே கனமானவை தாழவும், அச்சுக்கு அருகிலும், இருபுறமும் சமமாகவும் அமைய வேண்டும். மேலே கனம் ஏறினால் வளைவில் வண்டி சாயும். ஒருபுறம் ஏறினால் வில்தகடு ஒருபுறமே தளரும்.

நான்காவது, அசைவு. ஓடும் வண்டியில் பொருள் நிலையாக நில்லாது. நூல் தட்டுகள் பின்புறமாகச் சிறிது சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் நூல்கள் முன்னே சரிந்து விழா. உமணர் கலத்தைக் கயிற்றால் பிணித்ததும் தட்டைச் சாய்ப்பதும் ஒரே அறிவின் இரு வடிவங்களே.

இவை நான்கும் முடிந்த பின்னரே மெத்தை, அடுப்பு, விளக்கு, திரை ஆகியவற்றிற்கு முறை வரும். கரிசல் நாட்டு வெயிலில் தகரக் கூரையின் கீழே அமர இயலாது. ஆதலின் கூரைக்கும் உட்பலகைக்கும் இடையே வெப்பந்தடுக்கும் அடுக்கும், எதிரெதிரே காற்று செல்லும் சாளரங்களும் வேண்டும். இன்று சூரிய ஒளித் தகடு விளக்கிற்கும் விசிறிக்கும் போதிய மின்சாரம் தரும். சமையல் எரிவாயு வைப்பின் கீழ்ப்புறத்தே காற்றுத் துளை இருத்தல் வேண்டும். கசியும் வாயு காற்றினும் கனமாகித் தரையில் தேங்கும் இயல்புடையது.

சட்டத்தின் எல்லை

ஆர்வம் உள்ள இடத்தில் சட்டத்தை மறந்துவிடலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்டவற்றிற்கு மாறாக ஊர்தியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019ஆம் ஆண்டு சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. எனவே தச்சரைக் காண்பதற்கு முன்னரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் காண்பது அறிவுடைமை. வேலை முடிந்த பின்னர் ஒப்புதல் கிட்டாவிடில் பொருளும் உழைப்பும் வீணாகும். மேலும், பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட அரசு ஊர்திகளின் பதிவு 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நீக்கப்படும் என்று நடுவண் அரசு ஆணை பிறப்பித்தது. அத்தகைய ஊர்தி சாலையில் ஓட இயலாது.

ஓட இயலாத ஊர்திக்கும் பணி உண்டு என்பதை அண்டை மாநிலம் காட்டியுள்ளது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2020ஆம் ஆண்டு நவம்பரில் மூணாற்றில் பழைய பேருந்தைப் படுக்கைகள் கொண்ட தங்குமிடமாக ஆக்கிச் சுற்றுலாப் பயணியர்க்குக் குறைந்த வாடகையில் அளித்தது. நின்ற இடத்தில் பயன் தரும் வண்டி அது. தண்டவாளத்தில் ஓடிக்கொண்டே பயன் தந்த எடுத்துக்காட்டும் உண்டு. 1991ஆம் ஆண்டில் தொடர்வண்டிப் பெட்டிகளில் அறுவை அரங்கம் அமைத்து, 'லைஃப்லைன் எக்ஸ்பிரஸ்' என்னும் பெயரில் மருத்துவமனையே ஊர்களை நோக்கிப் புறப்பட்டது. பேருந்து வீடாயிற்று, தொடர்வண்டி மருத்துவமனை ஆயிற்று. இவ்விரண்டிலும் முன்னே பிறந்தது பணி. பின்னே வந்தது அமைப்பு.

சங்கரன்கோவிலுக்கு ஒரு வண்டி

இத்துணையும் கூறியதன் பயன் ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்ததாகிய சங்கரன்கோவிலைச் சூழ்ந்த ஊர்களில் பூ விளைவிப்போரும், தறி நெய்வோரும், தீப்பெட்டித் தொழிலில் ஈடுபட்டோரும் வாழ்கின்றனர். விடியுமுன் பூப்பறிக்கச் செல்லும் பெண்ணுக்கு நூலகம் திறந்திருக்கும் நேரமும் வேலை நேரமும் ஒன்றே. 1990களில் அறிவொளி இயக்கத்தின் வழியே எழுத்தறிந்த பெண்கள் தமிழ்நாட்டில் பல்லாயிரவர். கற்ற எழுத்து, படிக்க நூலின்றி மறைவது நீரின்றிச் சக்கரம் வற்றித் தளர்வது போன்றதே. அதற்கு நீர் வார்க்க வேண்டியவர் யார் என்பதே இன்றைய வினா.

பத்தாண்டு நிறைந்த இலக்கிய வட்டம் ஒன்று, அரங்கத்திற்குள் கூடிப் பேசி மகிழ்வதோடு அமையலாம். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் உறுப்பினர் வீட்டு அலமாரிகளில் ஒருமுறை படித்து வைத்த நூல்கள் ஆயிரக்கணக்கில் உறங்குகின்றன. பட்டறைப் புறத்தில் பழைய வேன்களும் உறங்குகின்றன. உறங்கும் இவ்விரண்டையும் ஒன்றாக எழுப்ப இயலும்.

பெரிய திட்டம் வேண்டுவதில்லை. கனகசபைப் பிள்ளை தம் வட்டாரத்துக்குப் பொருந்தும் வண்டியைக் கண்டது போல, கரிசல் பாதைக்குப் பொருந்தும் சிறு வேன் ஒன்று போதும். முந்நூறு நூல்கள் முதலில் போதும். எடையும் குறையும், தேர்வும் செம்மையாகும். ஐந்து ஊர்கள் போதும். ஒவ்வோர் ஊருக்கும் கிழமையில் ஒரு நாள், அந்தி வேளையில், கோயில் முன்றிலிலோ புளிய மரத்தடியிலோ வண்டி நிற்க வேண்டும். அந்நாளும் நேரமும் மாறவே கூடாது. தபசு நாள் மாறாதிருப்பதால் அன்றோ ஊர்கள் அதனை எதிர்நோக்கி ஆயத்தமாகின்றன! மூன்று முறை சொன்ன நாளில் வராத வண்டியை நான்காம் முறை எவரும் காத்திருந்து காண்பதில்லை. அத்தகைய வண்டி எத்துணை அழகாகப் புதுப்பிக்கப்பட்டதாயினும் அது மீண்டும் எருக்கஞ்செடிக்கே போய்ச் சேரும்.

ஓட்டுநர் ஒருவரை மட்டும் நம்பாது, மாற்று ஓட்டுநர் ஒருவரையும் முன்னரே அமர்த்திக்கொள்ள வேண்டும். பழுது பார்ப்பதற்கெனச் சிறு தொகை தனியே இருக்க வேண்டும். அவையே இவ்வண்டியின் சேம அச்சு.

உரல் ஒன்றும் காடிக் கலம் ஒன்றும் ஏற்றிக்கொண்டு உமணர் நாடு முழுவதற்கும் உப்பளித்தனர். உப்பில்லாப் பண்டம் குப்பையில் என்பது நாட்டு வழக்கு. நூலின்றி வாழும் ஊருக்கு நூலும் அத்தகையதே. இலக்கிய வட்டத்தின் பதினோராம் ஆண்டு, ஏதேனும் ஒரு பட்டறையின் பின்புறத்தில், கூரையின் மேல் ஒரு குடம் நீரை ஊற்றிக் கசிவு எங்கே என்று பார்ப்பதில் தொடங்கட்டும்.